கடல் விளிம்பில் தெரிவதற்கு ஒரு சொல்

ஆங்கிலத்தில் ‘டிஸ்க்ரை’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. இருபத்திரண்டு வருடப் பத்திரிகை வேலையில் அதை ஒரே ஒரு தடவைதான் எழுதினேன். அது அச்சுக்குப் போகவில்லை. போன வருடம் அக்காவின் வீட்டில் இருந்து இரண்டாவது தடவை எழுதினேன். அதையும் வெட்ட வேண்டி வந்தது.

பொருள் சிக்கலானதல்ல. தூரத்தில், மங்கலாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் அகப்படுகிற ஒன்றைக் கண்டுகொள்வது. தெருவில் எதிரே வருகிறவரை யாரும் ‘டிஸ்க்ரை’ செய்வதில்லை. மேசையில் கிடக்கிற வீட்டுத் திறப்பையும் அப்படிக் காண்பதில்லை. பாய்மரத்தின் உச்சியில் நிற்கிறவன் பல நாட்களுக்குப் பிறகு கரையைக் காண்பதற்கும், கோட்டை மதிலில் நிற்கிற காவலாள் தொலைவுத் தூசிக்குள் குதிரைகளைக் காண்பதற்கும் பழைய எழுத்தாளர்கள் அதை வைத்திருந்தார்கள். பிறகு கவிஞர்கள் அதைக் கரைக்குக் கொண்டுவந்து, ஒருவர் முகத்தில் மறைத்து வைத்த துக்கத்தைக் காண்பதற்கும், இன்னும் வராத காலத்தில் சிறு வெளிச்சம் ஒன்றைக் காண்பதற்கும் எழுதினார்கள். எங்கே எழுதினாலும் இரண்டு விடயங்கள் மாறவில்லை. பார்க்கிறவருக்கும் பொருளுக்கும் நடுவில் நிறையத் தூரம் இருக்கும். அந்தப் பொருள் தெரிவதற்கு நெடுநேரம் முன்பே அவர் அங்கே நிற்கத் தொடங்கியிருப்பார்.

எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் அட்டை போன ஒரு கடற்பயணக் கதை இருந்தது. சொல்லை அதில்தான் முதலில் பார்த்தேன். அகராதியைப் பார்க்காமலே விளங்கியது. எங்கள் அம்மா ஒவ்வொரு நாள் காலையும் செய்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் கரை முல்லைத்தீவுக்குத் தெற்கே கொக்கிளாய்ப் பக்கம். ஆண்கள் பின்னேரம் கடலுக்குப் போய் அடுத்த நாள் காலை வருவார்கள். அவர்கள் வரும் நேரத்துக்குப் பெண்கள் கரையில் நிற்பார்கள். கிழக்குக் கடல் என்பதால் காலையில் வெயில் நேரே கண்ணுக்குள் அடிக்கும். அந்தக் கூச்சத்துக்குள் ஒரு புள்ளி தெரியும். முதலில் காண்கிற பெண் “ஒண்டு தெரியுது” என்பார், அவ்வளவுதான். யாருடைய படகு என்று சொல்லமாட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை; முன்முனையான அணியம் தூக்கியிருக்கிற விதத்தில், ஆள் நிற்கிற விதத்தில், தன் வீட்டுப் படகை ஒரு பெண் கடுகளவில் இருக்கும்போதே அறிவார். ஆனாலும் படகு அலை மடிகிற இடத்தைத் தாண்டி உள்ளே வரும்வரைக்கும் பேர் சொல்வதில்லை. ஏன் என்று யாரும் விளக்கியதில்லை. ஏழு வயதில் ஒரு நாள் நான் முதலில் கண்டுவிட்டேன். “அப்பா” என்று கத்தினேன். அம்மா புறங்கையால் வாயில் அடித்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் அடி சரி என்பதுபோல நின்றார்கள். அப்பாவின் படகு பத்திரமாகத்தான் வந்தது. என்றாலும் அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. என்னைவிட மூன்று வயது மூத்த அக்காவுக்கு அடி வாங்க வேண்டிய தேவை வரவில்லை. என்னைப் பார்த்துப் பழகிக்கொண்டார்.

நான் படித்துக் கொழும்புக்குப் போனேன். அங்கே கடல் எனக்குத் தவறான பக்கத்தில் இருந்தது. சூரியன் அதற்குள் போய் விழுந்தது. வேலை முடிந்து பின்னேரங்களில் கடற்கரைச் சுவரில் இருந்து கப்பல்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தெரியும் கப்பல்கள். எதிலும் எனக்கு ஆள் இல்லை. கப்பலைப் பார்க்க எனக்குக் கண் மட்டும் போதுமாக இருந்தது. அதைத்தான் அந்த ஊரில் கடைசிவரை என்னால் பழகிக்கொள்ள முடியவில்லை.

ஒரு ஞாயிறுப் பதிப்புக்கு ஆங்கிலத்தில் எங்கள் கரையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பெண்கள் முதற்படகை ‘டிஸ்க்ரை’ செய்தார்கள் என்று ஒரு வரி. தலைமை உதவி ஆசிரியர் சிவப்புப் பேனையால் வெட்டி, ‘பார்த்தார்கள்’ என்பதற்கான சாதாரணச் சொல்லை எழுதினார். வாசகர் பாண் சாப்பிடுகிற மேசையில் அகராதி வைத்திருப்பதில்லை என்றார். கப்பல் ஏதாவது வாங்கியிருக்கிறாயோ என்றும் கேட்டார். மேசையில் இருந்தவர்கள் ஒரு கிழமைக்கு என்னைக் கப்பித்தான் என்று கூப்பிட்டார்கள். அவர் செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன். செய்தியில் ஒருவர் பார்த்தார், அல்லது பார்க்கவில்லை. இடையில் நிற்பதற்கு இடம் கிடையாது.

அக்காவின் கணவரான அத்தான் காணாமல் போனது கச்சான் காற்றுக் காலத்தில். கச்சான் எங்கள் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அலை பெரிதாக இராது, பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆனால் எஞ்சின் நின்ற படகை அது கரைக்கு விடாது. தள்ளிக்கொண்டே போகும்.

படகில் இரண்டு பேர், அத்தானும் அவருடைய கூட்டாளியும். பின்னேரம் போனவர்கள் அடுத்த நாள் காலை வரவில்லை. மற்றப் படகுகள் எல்லாம் வந்தன. அன்றும் மறுநாளும் தேடினார்கள். இரண்டாம் நாள் தேடப் போனவர்கள் பின்னேரம் எண்ணெய் முடிந்து திரும்பி வந்து, வலை வைக்கிற வாடிக்குள் இருந்து சாப்பிட்டார்கள். பெண்கள் மாதா கோவிலில் செபமாலை சொல்லப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் கரையில் நின்றார். இவ்வளவும் பலர் சொல்லிக் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சரிபார்த்துத் தெரிந்துகொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அக்கா ஒருவர்தான் சாட்சி. ஒன்பது நாட்கள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் நாள், கொழும்பை விட்டு வந்து வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் இருந்த எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, அண்டைக்கு நான் ஒண்டு கண்டனான்” என்றார்.

அத்தானின் தமையன் அதை ஏற்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. இரண்டு நாளும் தேடிப் போனவர். அழுத கண்ணுக்குக் கடலில் எதுவும் தெரியும் என்றார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒழுங்கு செய்தார். அக்கா மறுத்துவிட்டார். உயிரோடு இருக்கிற மனுசனுக்குச் செத்தவர்களுக்கான பூசை வைக்க மாட்டேன் என்று கோவில் குருவான பங்குச் சுவாமியிடமே போய்ச் சொன்னார். தமையன் பூசைக்கு அடித்த அழைப்பு அட்டைகள் கட்டுப் பிரிக்காமல் இன்னும் அவர் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன.

சுவாமி நிதானமானவர். கச்சானில் போன படகுகள் அந்தமான் தீவுகளிலும் பர்மாக் கரையிலும் போய் ஒதுங்கியதை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அக்கா நடந்ததை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால், அந்தப் பக்கத்துக் கோவில்கள் வழியாக ஆஸ்பத்திரிகளுக்கும் சிறைகளுக்கும் அனுப்பலாம் என்றார். அனுப்புவதற்கு ஒரு காரணம் வேண்டும். இரண்டாம் நாள் பின்னேரம் படகு மிதந்தது, ஆட்கள் இருந்தார்கள் என்பது காரணம். அதைக் கண்டவர் அக்கா.

சில மாதங்கள் கழித்து, அந்தக் கடிதத்தை எழுதத்தான் போனேன். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். போய்ச் சேரப் பதினொரு மணி. அக்கா பால் விடாத பிளேன்ரீ தந்துவிட்டு, குசினி வாசலில் இருந்து மீன் வெட்டத் தொடங்கினார். மைத்துனர்மார் கொண்டுவந்து கொடுத்த சூடை மீன். நான் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, மடியில் ஒரு கொப்பியை வைத்து எழுதினேன். வரிக்கு வரி தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னார். படகின் நிறம், நீளம், எஞ்சினின் வயது, அத்தானின் இடது முழங்காலில் இருக்கிற தழும்பு என்று எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். பிறகு, இரண்டாம் நாள் பின்னேரம் தன் கணவரின் படகைக் கண்டதாக அவர் நம்புகிறார் என்று வாசித்தேன்.

கத்தி நின்றது.

“ஆர் நம்புறது?”

“நீங்கள்தான் அக்கா.”

“நான் நம்புறது கோயில்ல. கடக்கரையில கண்டனான்.”

இருபத்திரண்டு வருடப் பழக்கம் அது. உறுதிப்படுத்தாத எதையும் ஒருவர் சொன்னதாக, நம்புவதாக, கருதுவதாகத்தான் எழுதுவோம். இதை வாசிக்கிறவர் எவ்வளவு தூரத்தில் கண்டாய் என்று கேட்பார் என்று அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். கரையில் நிற்கிற ஒருவருக்குக் கடல் விளிம்பு ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கும். அவ்வளவு தூரத்தில் ஆளை அடையாளம் காண முடியாது.

“ஆளை ஆர் பாத்தது? ஒரு தடிப்பு, ஒரு மெல்லிசு. தடிப்பு இருந்தது. மெல்லிசு நிண்டது.”

கூட்டாளியின் உடம்பு கரையில் பேர்போனது. அவன் ஏறினால் நங்கூரம் தேவையில்லை என்பார்கள். அத்தான் ஒல்லி. படகில் அவர் குந்தியிருந்து யாரும் பார்த்ததில்லை, பின்பக்கக் கடையாரில் நின்றபடிதான் ஓட்டுவார். கோவிலிலும் அப்படித்தான், வாங்குப் பலகையில் இடம் இருந்தாலும் கடைசிச் சுவரோடு நிற்பார். “மச்சானுக்குக் கடலும் கோயிலும் ஒண்டு, இருக்கச் சொன்னா வீட்டை போயிடுவான்” என்று கூட்டாளியே பகிடி விடுவான்.

பின்னேரம் நான்கு மணி. வெயில் முதுகுப் பக்கம். எங்கள் கரையில் தூரப் பார்ப்பதற்கு நல்ல நேரம் அதுதான் என்று எனக்கும் தெரியும். அக்காவின் கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை; சாறம் தைக்கும் ஊசியில் இன்றும் ஒரே தடவையில் நூல் கோர்ப்பார். நான் குறிப்பெடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு செய்தியாளர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். தம்பி அதைக் கேட்டிருக்கக்கூடாது.

“அப்ப ஏன் வாடியில இருந்தவையளைக் கூப்பிடேல்லை?”

அக்கா கையில் இருந்த மீனைச் சட்டிக்குள் போட்டார். தண்ணீரில் கையைக் கழுவி, சீலையில் துடைத்தார்.

“எங்கட அம்மா எப்பிடிப் பழக்கினவா? பெரிசாகட்டும் எண்டு நிண்டனான், தம்பி. பெரிசானாத்தானே சொல்லலாம். அது சின்னனாப் போச்சுது.”

வாடி அவருக்குப் பின்னால் ஐம்பது யார் தூரத்தில் இருந்தது. உள்ளே ஆறு ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க் கலன்களும் வந்து இறங்கியிருந்தன. ஒரு தடவை கத்தியிருந்தால் போதும். அக்கா நெற்றியில் கை வைத்து, வாயை மூடி, ஒரு நல்ல பெண் நிற்க வேண்டிய மாதிரி நின்றார். படகு வருகிறது என்று நினைத்தார். காற்று அதைக் கொண்டுபோனது.

ஒன்பது நாள் மௌனத்தின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தானின் தமையன் அக்காவுக்குக் கொடுக்க முயன்றது என்ன என்பதும் விளங்கியது. அக்கா ஒன்றும் காணவில்லை என்றால் அவர் மீது பிழை இல்லை. பூசை வைக்கலாம், அழலாம், ஒரு வருடத்தில் தலை நிமிரலாம். கண்டது உண்மை என்றால், அத்தான் அன்று உயிரோடு இருந்தார். இன்றும் எங்கேயோ ஒரு கரையில் பேர் விளங்காத பாஷைக்காரர் நடுவில் இருக்கலாம். ஆனால் அவரைப் போகவிட்டது அக்காவின் மூடிய வாய். இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் எடுக்க வழியில்லை. அக்கா கண்டதாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்திருந்தார். நான் ‘நம்புகிறார்’ என்று எழுதி, அவர் அவ்வளவு விலை கொடுத்து வைத்திருந்ததைத் தளர்த்திவிட்டேன்.

அந்த இடத்தில்தான் பழைய சொல் நினைவுக்கு வந்தது. இடையில் நிற்பதற்கு இடம் வைத்திருக்கிற சொல். கண்டார் என்பதையும் அது சொல்லும், தூரத்தையும் மறைக்காது. ‘நம்புகிறார்’ என்பதை வெட்டி, ‘டிஸ்க்ரை’ என்று எழுதினேன். எழுதியபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெட்டிய சிவப்புப் பேனைக்குப் பதில் சொன்னதுபோல இருந்தது.

அக்காவுக்கு அதன் பொருளைச் சொன்னேன். பாய்மரத்தில் ஏறி நிற்கிறவனைப் பற்றி, கோட்டை மதிலைப் பற்றி, கவிஞர்கள் அதை வைத்து எழுதியதைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் பிடித்தது. இங்கிலிசுக்காரனும் கரையில் நிண்டிருக்கிறான் என்றார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். அகராதியில் படித்த இன்னொன்றையும் சொன்னேன். அந்தச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சுப் பாஷையில் இருக்கிறது, அங்கே அதற்குக் கத்திச் சொல்வது என்றுதான் பொருள். மதிலில் நிற்கிறவனின் வேலை காண்பது மட்டுமல்ல, கண்டவுடன் கீழே இருக்கிறவர்களுக்குக் குரல் கொடுப்பது. கத்தல் மெல்ல மெல்லத் தேய்ந்து, காண்பது மட்டும் மிஞ்சியது.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“அப்ப காணுறவன் கத்தோணும்.”

“முந்தி அப்பிடி. இப்ப ஒருத்தரும் அதை நினைக்கிறேல்லை, அக்கா.”

“அந்தச் சொல்லை எடு, தம்பி. நான் கத்தேல்லை.”

எடுத்தேன். தலைமை உதவி ஆசிரியர் எழுதிய அதே சாதாரணச் சொல்லைத்தான் நானும் எழுதினேன். கடிதத்தில் அவர் குரலிலேயே: அன்று பின்னேரம் நான்கு மணிக்கு என் கணவரின் படகைப் பார்த்தேன். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நின்றார். படகு தூரப் போனது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கடைசி வரி கடிதத்துக்குத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது இருக்கட்டும் என்றார். கீழே கையெழுத்து வைத்தார். பின்னேரம் சுவாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அன்று அங்கே தங்கினேன். காலையில் அக்கா என்னை எழுப்பவில்லை. எழுந்து பார்த்தபோது வீட்டில் இல்லை. கரைக்குப் போனேன். பத்துப் பதினைந்து பெண்கள் வாடியின் நிழலில் இருந்தார்கள். அக்கா எல்லாருக்கும் முன்னால், தண்ணீர் காலில் படும் இடத்தில் நின்றார். நான் பக்கத்தில் போய் நின்று, அவர் பார்த்த திசையில் பார்த்தேன். வெயில் தவிர ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணாடிக்கு வயது ஆறு வருடம். அதைத் துடைத்துப் போட்டும் தெரியவில்லை.

அக்கா கத்தினார். அடிவயிற்றிலிருந்து வந்த குரல். ஒண்டு தெரியுது, வடக்கே வாடைப் பக்கம், என்றார். அடுத்த மூச்சில் அது யாருடைய படகு என்று பேரையும் சொல்லிக் கத்தினார்.

நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் வாய் தானாகவே மூடிக்கொண்டதை உணர்ந்தேன். பெண்கள் யாரும் திடுக்கிடவில்லை. அத்தான் போன பிறகு அக்கா ஒவ்வொரு நாளும் இப்படித்தான் செய்கிறார் என்று பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெண் சொன்னார். தொடக்கத்தில் சண்டை நடந்திருக்கிறது. தன் மனுசனை விழுங்கினது போதாதோ, என் மனுசனையும் கடலுக்குக் கூப்பிட்டுக் குடுக்கப் போறாவோ என்று ஒருத்தி மண்ணை அள்ளி எறிந்திருக்கிறாள். அக்கா அடுத்த நாளும் கத்தினார். மாதக்கணக்கில் பேர் சொன்ன படகெல்லாம் வந்து சேர்ந்தன. இப்போது பெண்கள் அக்கா கத்தும்வரை வாடியின் நிழலில் இருந்து கதைக்கிறார்கள். “உவா இருக்கிறா, எங்களுக்கென்ன கண் வலி” என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தார். படகு அவருடையது.

கொஞ்ச நேரத்தில் எனக்கும் தெரிந்தது. புள்ளி, பிறகு கோடு, பிறகு அணியம். அலை மடிகிற இடத்தில் ஒரு தடவை தூக்கிப் போட்டு உள்ளே வந்தது. பெண்கள் இறங்கிப் போய்ப் பிடித்தார்கள். நானும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு கை கொடுத்தேன். மண்ணில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். கரையேறிய இந்தப் படகை அவர் பார்க்கவில்லை, கண் கடல் விளிம்பில் இருந்தது. நெற்றியில் வைத்த கை இறங்கவில்லை.

கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சுவாமி இரண்டு தடவை நினைவூட்டி எழுதியிருக்கிறார். ஞாயிறு தோறும் அக்காவுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். காலையில் எத்தனை படகு வந்தது என்று அவரே முதலில் சொல்வார். நான் வேறு ஒன்றும் கேட்பதில்லை.